நினைவு மலரில் இல்லாத மூன்று வருடங்கள்

அண்ணை,

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் பஸ்ஸுக்கு நின்றபோது, மூலை டெப்பனர் கடைக் கண்ணாடியில் அந்தப் படத்தின் போஸ்டரைக் கண்டேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் ஓட்டுகிறார்களாம். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததையும் விட்டுவிட்டுத் தெருவில் மேலும் கீழும் நடந்தேன்.

அறுபதுகளில் வேலையையும் வீட்டையும் உதறிவிட்டு ஒரு பழைய பண்ணையில் கூடி வாழ்ந்தவர்களைப் பற்றிய ஆவணப்படம். பெரும்பாலானோருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களோ விடமாட்டார்கள், தியேட்டரில் படத்தோடு சேர்ந்து தாங்களும் வசனம் சொல்லும் கிறுக்குக் கூட்டம். தோள்வரை தலைமயிரும் வெறுங்காலுமாக, வாளியில் உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டு சிரிக்கும் அந்தக் கறுத்த இளைஞன் பிறகு எங்கள் கோயில் தலைவரான நீங்கள்தான் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அஹுன்ட்சிக்கில் உங்கள் வீட்டு நிலவறையில்தான் எனக்கு அதைக் காட்டினீர்கள். மேலே உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், தோசை சுட்டுக்கொண்டிருந்தார். "மனிசிக்குத் தெரியாது" என்று சத்தத்தைக் குறைத்து, சரியான இடத்தில் டேப்பை நிறுத்தினீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். முடி வளர்த்த பெடியளைக் கோயில் வாசலில் மறித்து, "முதல்ல போய்த் தலைமயிரை வெட்டிக்கொண்டு வா" என்று விரட்டுகிற மனிதரல்லவா நீங்கள்!

"சிரிக்காதை. படிக்க வந்தனான், அதை விட்டிட்டு மூண்டு வருசம் அங்க இருந்தனான். ஒருத்தருக்கும் பயப்பிடாமல் இருந்தது அப்ப மட்டும்தான்." பிறகு கதவுப் பக்கம் பார்த்து, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றீர்கள். ஓம் என்றேன்.

காப்பாற்றினேன். நீங்கள் போனபின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு உங்கள் வாழ்க்கை வரலாற்றை எழுதும்படி அக்கா என்னைத்தான் கேட்டார். அந்த மூன்று வருடங்களுக்கு வந்ததும் பேனா ஓடவில்லை. "மேற்படிப்பைச் சிறப்புற முடித்தார்" என்று எழுதினேன். எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். இப்போது நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

ஏனென்றால், உங்கள் மகள் இந்தக் குளிர்காலத்தில் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டாள். சிநேகிதர்களோடு சேர்ந்து தோட்டம் செய்யப் போகிறாளாம். அக்கா அந்த மலரை விரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"வாசி! அப்பா எப்பிடிப் படிச்ச மனிசன் எண்டு வாசி. நீ அவரின்ரை பிள்ளையோ?"

அவள் அழவில்லை. பக்கத்திலிருந்த என்னைப் பார்த்தாள். "மாமா, அப்பா ஒருநாளும் ஒண்டையும் பாதியில விடேல்லையா?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். அன்றைக்குப் போனவள் இன்னும் வீட்டுப் பக்கம் வரவில்லை.

எனக்கு உங்களோடு கோபம், அண்ணை. வெளியாளான எனக்குக் காட்டிய அந்தச் சிரிப்பைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டாமல் போய்விட்டீர்களே. என் வாயையும் கட்டிவிட்டுப் போனீர்கள். இரண்டு மாதமாக நான் எங்கே போய் உட்கார்ந்தாலும் எழும்பிவிடுகிறேன்.

மூன்றாவது பஸ்ஸும் வந்தது. அதிலும் ஏறாமல், தியேட்டருக்கு நடந்தே போய் இரண்டு டிக்கெட் வாங்கினேன். அங்கே நின்றே அவளுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன படம், மாமா?"

"உன்ரை அப்பா வாற படம்."

"எத்தினை மணிக்கு?" என்றாள்.

உங்களுக்குத் தந்த வாக்கை இவ்வளவு காலமும் சுமந்தேன். வெள்ளிக்கிழமை இறக்கி வைக்கிறேன், கோபித்தால் கோபியுங்கள். அந்த வாளியும் உங்கள் சிரிப்பும் எனக்கு மனப்பாடம். அந்த இடம் வரும்போது நான் திரையைப் பார்க்கப்போவதில்லை, அண்ணை. அவள் முகத்தைத்தான் பார்ப்பேன்.