தீயில்லாமல் அழைத்தவள்

6 மார்ச் 1989

வீட்டுக்குப் போன் வந்துவிட்டது. மனுப் போட்டு ஏழு வருஷமாம். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தே ஏழு மாதம்தான். கறுப்பாக, நினைத்ததைவிடக் கனமாக இருக்கிறது. காதில் வைத்தால் ஒரு முரலல். அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போல.

சாயங்காலம் அவர் டயலில் ஒரு சின்னப் பூட்டை மாட்டினார். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் எடுத்துப் பேசிவிடுவார்களாம். சாவி அவர் சட்டைப் பையில். அவர் காலை ஏழு மணிக்குப் பனியன் கம்பெனிக்குப் போனால் மத்தியானம் சாப்பிட வருவார். பிறகு ராத்திரிதான்.

11 மார்ச்

கோவையில் எங்கள் காலேஜ் விடுதிப் போனுக்கும் பூட்டு உண்டு. ரிசீவர் வைக்கும் இடத்தில் இருக்கும் கட்டையைத் தட்டினாலே நம்பர் போகும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டோம். ஒன்றுக்கு ஒரு தட்டு, பூஜ்யத்துக்குப் பத்து.

யாரைக் கூப்பிடுவது? தாராபுரத்துக்குப் பக்கம் எங்கள் ஊரில் போனே இல்லை. தோழிகள் யார் வீட்டிலும் இல்லை. டைரக்டரியின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். போலீஸ் 100. பயம். தீ 101. அதற்குக் காசில்லை, பில்லிலும் வராது.

ஒரு தட்டு, பத்துத் தட்டு, ஒரு தட்டு.

"பயர் சர்வீசுங்க. எங்க தீ?"

ஒரு மணி முழுசாக அடிப்பதற்குள் மனுஷக் குரல்! உடம்பு சிலிர்த்துவிட்டது. தீயெல்லாம் இல்லீங்க என்றேன்.

"இல்லைன்னா சந்தோசமுங்க. வெச்சுருங்க."

28 மார்ச்

இதோடு ஆறு தடவை. மணி கேட்டேன், மழை வருமா என்று கேட்டேன். இது அவசரத்துக்கான லைன், இப்படிக் கூப்பிடக் கூடாது என்று அங்கே போன் எடுப்பவர் ஒருநாள் கண்டித்தார். சரி என்று வைத்தேன். மறுநாள் மறுபடி கூப்பிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

19 ஏப்ரல்

போன் எடுப்பவர் பெயர் நல்லான். முழங்காலில் அடிபட்டதால் வண்டியில் போகாமல் போனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் கண்டிப்பதில்லை, அவரும் பேசுகிறார். கிணற்றில் விழுந்த எருமையை ஆறு பேர் தூக்கிய கதை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால் ஒற்றை ஆளைத் தூக்கி எறிந்துவிடுமாம். எரிகிற வீட்டுக்குள் போகும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும், கையை எடுத்தால் திரும்பும் வழி தெரியாது என்றார். எல்லாரும் வெளியே ஓடி வருகிற இடத்துக்குள் நுழைகிறவர்கள்! கேட்கக் கேட்க வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

9 மே

பதினொன்றரைக்குக் கூப்பிட்டேன். ஏணி எவ்வளவு உயரம் என்று கேட்டேன். முப்பத்தைந்து அடி என்று ஆரம்பித்து, அதை எப்படி நீட்டுவார்கள், எத்தனை பேர் பிடிப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம் இருக்கும். திடீரென்று அந்தப் பக்கம் ஒரு பெண் கத்துவது கேட்டது. "வெச்சுருங்க" என்றார். அதற்குள் அங்கே அபாய மணி அடித்துவிட்டது.

மொட்டை மாடிக்கு ஓடினேன். மண்ணரைப் பக்கம் புகை, ஒரு கறுப்பு மலை மாதிரி. பெரிதாகிக்கொண்டே போனது. அவ்வளவு பெரிய ஒன்றை நான் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் கருகின பஞ்சு பறந்து வந்து கொடியில் காய்ந்த துணிமேல் விழுந்தது.

மத்தியானம் சாப்பிட வந்தபோது இவர் சொன்னார்: வேஸ்ட் குடோனில் தீ. கட்டிங் வேஸ்டை, பனியன் வெட்டி மிஞ்சும் துண்டுத் துணியை, பிரிக்கிற பெண்கள் முப்பது பேர் உள்ளே. பக்கத்துக் கம்பெனியிலிருந்து 101-க்கு மூன்று தடவை போட்டும் லைன் கிடைக்கவில்லையாம். ஒரு பொம்பளை ஓடியே போய்ச் சொல்லியிருக்கிறாள்.

10 மே

நான். நான்தான்.

12 மே

தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். மேஜைமேல் ஒரே போன். அவ்வளவுதான் — முழு ஊருக்கும் அது ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் நான் பிடித்து வைத்திருந்தேன்.

நல்லானுக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். "வெட்டிப் பேச்சுப் பேசிட்டிருந்தேன்னு எழுதிக் குடுத்துட்டனுங்க. யாரோடன்னு எழுதுல" என்றார். முகம் பார்த்தது இன்றுதான். குரலைவிட வயதான முகம்.

என் பெயர், விலாசம், போன் நம்பர் போட்டு, வேண்டாம் வேண்டாம் என்று சொன்னவரைப் பேச வைத்தது நான் என்று எழுதி அதிகாரியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, இப்படி ஒரு கடுதாசியைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்றார்.

ராத்திரி வீட்டில் இவரிடம் சொன்னேன். "எம்பேரும் அதுல இருக்குதா?" என்றார். பிறகு, "பூட்டிருந்துமா?" என்றார்.

15 மே

பெரியாஸ்பத்திரி. அன்று ஓடிப் போய்ச் சொன்னவள் பெயர் சென்னம்மாள், நாற்பது வயதிருக்கும். உள்ளே இருந்தவர்களைச் சத்தம் போட்டு வெளியே தள்ளிவிட்டு, ஒச்சம்மாள் என்பவளைச் சேலையில் தீயோடு இழுத்துப் போட்டு அணைத்துவிட்டு, ஒன்றரை மைல் ஓடியிருக்கிறாள். மே மாத வெயில், தார் ரோடு, காலில் செருப்பில்லை. திரும்பும்போது சந்துக்கு வழிகாட்ட வண்டியிலேயே தொற்றிக்கொண்டு வந்தாளாம். இரண்டு பாதமும் கட்டு. ஒச்சம்மாளுக்கு வலது கை முழங்கை வரை வெந்திருக்கிறது. சீக்கிரம் வந்திருந்தால் உள்ளே இருந்த அத்தனை சரக்கும் போயிருக்காது, இன்னும் மூன்று மாதத்துக்கு இவர்களுக்கு வேலை இல்லை என்று ஆகியிருக்காது.

"அந்நேரம் போனுல இருந்தது நானுங்கக்கா" என்றேன். அக்கா என்பது தானாக வந்துவிட்டது.

திட்டுவாள் என்று நின்றேன்.

"என்னங்கம்மிணி பேசுனீங்க?"

ஏணியைப் பற்றி என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வீட்டில் பேச ஆளில்லை என்றும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, அவள் பாதத்துக்கு முன்னால் அது என்ன பெரிய துக்கம்?

"ஒச்சம்மா கைக்கு நீங்க பதில் சொல்லோணும். அதை நான் உடமாட்டனுங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "பேசோணும்னா எங்க குடோனுக்கு வர்றது. அங்க முப்பது பேரும் வாய மூடறதே இல்லீங்க."

இப்படியும் ஒருத்தி. வீடு வரும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

2 ஜூன்

நல்லானை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். என் கடுதாசி அதைத் தடுக்கவில்லை. போனில் கை வைத்து எத்தனை நாளாயிற்று.

26 ஜூன்

ஒச்சம்மாளைக் கட்டு மாற்றக் கூட்டிப் போகிறேன், வாரம் இரண்டு நாள். முதல் மூன்று தடவை என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று ரிக்‌ஷாவில் ஏற இடது கையை என் தோளில் வைத்தாள்.

14 ஆகஸ்ட்

புது ஷெட்டில் வேலை ஆரம்பித்துவிட்டது. ஒச்சம்மாளுக்கு வலது கை இன்னும் மடங்காது. அவள் பங்கு வேஸ்டை நான் பிரிக்கிறேன் என்று காலையில் போய் உட்கார்ந்தேன். இவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். போகாதே என்றார், போனேன். வெள்ளை தனி, கலர் தனி, நூல் தனி. முப்பது பேரும் என்னைக் கேள்வியாகக் கேட்டார்கள், நானும் கேட்டேன். என்ன சிரிப்பு!

சாயங்காலம் வந்தபோது தொண்டை கட்டியிருந்தது. காப்பி வேண்டுமா என்று இவரைக் கேட்டேன், குரலே எழும்பவில்லை.

"என்னாச்சு சாரதா, சளி புடிச்சிருச்சா?"

பேசினேன் என்றேன்.