கானாவூரில் ஊற்றியது

மார்ச் 1, 1982. திங்கள்.

காலையிலேயே வெயில். பக்கத்து விசைத்தறிச் சத்தத்தோடு போட்டி போட்டு எங்கள் வேதாகமக் கல்லூரியில் கிரேக்க வகுப்பு. தொண்டை போச்சு. சாக்பீஸ் இல்லை. கேட்டதற்கு உபவாச ஜெபக் கூட்ட நோட்டீஸ் வந்தது.

வினைச்சொல் என்றாலே எல்லோரும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மத்தேயு ஒருவன்தான் படிக்கிறான். முன்பு தறி ஓட்டியவன், இரண்டு பிள்ளைக்காரன். ஏப்ரலில் பாஸானால் ராயகிரி சபையில் போதக ஊழியர் வேலை உறுதி.

இன்று கேட்டான்: "சார், கானாவூர் கல்யாணத்துல இயேசு தண்ணிய மாத்துனது திராட்சரசம்னு போட்டிருக்கு. எபேசியர் நிருபத்துல குடிக்கக்கூடாதுங்க இடத்துல மதுபானம்னு போட்டிருக்கு. கிரேக்கத்துல ரெண்டும் ஒண்ணால்லா இருக்கு?"

ஆமாம், இரண்டு இடத்திலும் ஒய்னோஸ்தான் என்றேன். ஒருவனாவது புத்தகத்தைத் திறந்தானே என்று சந்தோஷம் வேறு.

மார்ச் 4. வியாழன்.

தலைவலி. நேற்று சாயங்காலம் மத்தேயு வாசுதேவநல்லூரில் தெருப் பிரசங்கம். நின்ற இடம் புதிதாகத் திறந்த கள்ளுக்கடை வாசல். குடியை விடச் சொல்லிப் பேசியிருக்கிறான். ஒருவர் கேட்டாராம்: "ஏ தம்பி, ஒங்க சாமி கல்யாண வீட்டுல ஊத்துனது என்னது?"

ஒரு பாட்டைப் பாடிவிட்டு வந்திருக்கலாம். இவன் கிரேக்கத்தில் ஒரே வார்த்தைதான் என்று விளக்கம் சொல்லியிருக்கிறான்! "பெறவு எங்கள ஏம்வே வெரட்டுதீரு?" என்று கூட்டம் மொத்தமும் கடைக்குள் போய்விட்டது. கூடப் போனவர்கள் ராத்திரியே பிரின்சிபால் ஐயாவிடம் ஒப்பித்துவிட்டார்கள்.

இன்று பி.ஐ. (பிரின்சிபால் ஐயா) அறைக்குக் கூப்பிட்டார். ஃபேன் ஓடவில்லை. "அது ரசம் வே. பதனி மாதிரி. கலயத்துல சுண்ணாம்பு தடவுனா பதனி, தடவலேன்னா கள்ளு. கர்த்தர் சுண்ணாம்பு தடவாமலா குடுத்திருப்பாரு?"

சிரிக்கவும் முடியவில்லை. அவருடைய அப்பா குடித்தே செத்தவர்.

மத்தேயுவை அனுப்பிவிடுவாராம். இல்லையென்றால் ஞாயிறு ஆராதனையில் நான் எழுந்து, கிரேக்கத்தில் அவை வேறு வேறு வார்த்தைகள், அவனுக்குத்தான் விளங்கவில்லை என்று சொல்லவேண்டும். "ஒரு வார்த்தைதான, சொல்லிரும் வே."

மார்ச் 5. வெள்ளி.

வாங்க: நீல மை, தேங்காய் எண்ணெய், மூட்டைப்பூச்சி மருந்து.

சபைச் சரித்திர வகுப்பு. பாடம், அமெரிக்க அடிப்படைவாதிகள். மூலபாஷையில் வேதத்தின் ஒவ்வொரு வார்த்தையும் பிழையற்றது என்று சபையை உடைத்தார்கள், வேலையை உதறினார்கள். இதையேதான் நம் வாசலிலும் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறோம். மூலபாஷையைத் திறந்து காட்டினால் மட்டும் நம் ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

மத்தியானம் மத்தேயுவின் மனைவி தங்கம் வந்தாள். சின்னது இடுப்பில். "ராயகிரில பெரியவன பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு இருக்கோம் சார். இவுகளுக்கு சூதுவாது தெரியாது. நீங்கதான் பாத்துக்கிடணும்."

சொல்லித் தொலைத்துவிட வேண்டியதுதான்.

மார்ச் 7. ஞாயிறு.

சொன்னேன். செருமிக்கொண்டு எழுந்து, இரண்டும் வேறு வேறு வார்த்தை, மாணவர் தவறாக விளங்கிக்கொண்டார் என்று. வெட்கமாக இருந்தது. பி.ஐ. "ஆமென்" என்றார். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

மத்தேயு எழுந்தான். கையில் விரித்த கிரேக்கப் புத்தகம்.

"சார், ஒரே வார்த்தைதான் சார். ஒங்களுக்கு மறந்துட்டு போல. இந்தா இருக்கு பாருங்க."

குத்தலே இல்லை. எனக்கு உதவி செய்கிறானாம்! பெண்கள் பக்கம் தங்கம் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

பி.ஐ. என்னைப் பார்த்தார். "எது வே சரி?"

சபை முழுவதும் என்னைப் பார்த்தது. இன்னொரு தடவை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"அவன் சொல்லுததுதான்யா."

மார்ச் 8. திங்கள்.

இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழிந்தது. ராயகிரியும் போச்சு. எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது மத்தேயு வந்து நிற்கிறான். கண்டபடி திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"சார், பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு. இன்னைக்கு வகுப்பு உண்டுல்லா?"