இளநீர் அரிவாளுக்கு நான் போட்ட கூர்

மே 12, திங்கள்
காலையிலேயே புழுக்கம். மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுக்க மறந்தாச்சு.
தெருமுனை இளநீர்க்கடை செல்வி புது அரிவாள் வாங்கியிருக்கிறாள். மலிவுச் சரக்கு. கூரே இல்லை, வெறும் தகடு. மட்டையில் பட்டுத் துள்ளுகிறது. நானே தீட்டித் தருகிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன். வீடியோ பார்த்துக் கற்ற வித்தை. வீட்டில் வசந்தா: "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?"

மே 13, செவ்வாய்
மொட்டைமாடி. அரம், கல், தண்ணீர். மூன்று மணி நேரம். இரண்டு பக்கமும் மெலிசாக, இன்னும் மெலிசாக. முன்கை முடியை வழித்துப் பார்த்தேன். வழித்தது!
சாயங்காலம் கொடுத்தேன். செல்வி கட்டைவிரலால் தொட்டுப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். "சூப்பரா இருக்குல்ல?" என்று முந்திக்கொண்டேன்.
"சூப்பர் சார்."

மே 15, வியாழன்
கடை மூடல். பக்கத்து இஸ்திரிக்காரர்: "கத்தி வழுக்கி கைய வெட்டிக்கிச்சு சார் செல்வி. நாலு தையல்."
அரிவாள் அவளுடைய தள்ளுவண்டிக்கு அடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். கூரில் இரண்டு பொக்கை. ஓரிடத்தில் மடங்கியும். காகிதம் வெட்டும் கூரை இளநீர் வெட்டும் இரும்புக்குப் போட்டிருக்கிறேன்.
"நீங்க நல்லாத்தான் தீட்டிக் குட்த்தீங்க. அந்தப் பொண்ணுக்குத்தான் கவனம் பத்தல," என்றார் இஸ்திரிக்காரர்.
தலையாட்டினேன். சே. தலையாட்டினேன்.

மே 17, சனி
பால் வாங்கப் பின்தெரு வழியாக. இரண்டு நாளாக அப்படித்தான். சோறு இறங்கவில்லை. வசந்தா கேட்டாள். வெயில் என்றேன்.

மே 19, திங்கள்
போனேன். செல்வி வந்திருக்கிறாள். இடது கையில் பெரிய கட்டு. நின்றபடியே சொல்லிவிட்டேன்: "தப்பு உன் மேல இல்லம்மா. நான்தான் தப்பா தீட்டிட்டேன்."
"தெரியும் சார். தொட்டப்பவே தெரிஞ்சிது. இளநிக்கு அவ்ளோ மெலிசு தாங்காது. ஆசையா எட்த்துனு வந்தீங்க. மூஞ்சப் பாத்து இன்னான்னு சொல்றது?"
இதற்குத் திட்டியிருக்கலாம்.
சாணைக்காரர் பொக்கை போக அரைத்து, கூரைத் தடிப்பாக்கித் தந்திருக்கிறாராம். பைக்கில் இரண்டு பேர் வந்து இளநீர் கேட்டார்கள். ஒரு கையால் எப்படி?
"கொஞ்சம் புட்ச்சிக்கோங்க சார்."
கட்டைமேல் வைத்துப் பிடித்தேன். விரல்களை ஓரமாக இழுத்துக்கொண்டேன். ஓங்கினாள். என் விரலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி இறங்கியது.
"அசங்காதீங்க சார், இன்னும் ரெண்டு வெட்டு கீது."
அசையவில்லை.