என்னை எந்தப் பக்கமும் நிறுத்தாதே

ஜனவரி 8

வாயாடிக்கு,

சுகமா என்று கேட்கப்போவதில்லை. ஜெயித்தவர்களுக்கு என்ன குறைச்சல்? ஹாஸ்டலில் போன் தரமாட்டார்கள் என்பதால் தப்பித்தாய். இல்லையென்றால் இதையெல்லாம் காதாலேயே வாங்கியிருப்பாய்.

உங்கள் விவாத அணி அரையிறுதியில் ஜெயித்த வீடியோவைக் எங்கள் கடைக் கட்டிங் மாஸ்டர் தன் போனில் போட்டுக் காட்டினார். நான்தான் சும்மா இருக்கமாட்டாமல், "எல்லாரும் மெஷினை நிறுத்துங்க, என் பேத்தி பேசறா!" என்று தையல்கடை முழுவதையும் கூட்டினேன். காஜா எடுக்கிற அக்கா, இஸ்திரிக்காரர், ரவிக்கை வாங்க வந்த டாக்டரம்மா என்று எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களுக்கு ஓட்டு வேண்டாம் என்று பேசினாய். சரி, தலைப்பு அப்படி. அப்புறம் சொன்னாயே: "எங்க பாட்டி அஞ்சாம் வகுப்பு. யாருக்கு ஓட்டுப் போட்டீங்கன்னு கேட்டேன். எந்தச் சின்னம் பார்க்க அழகா இருந்துச்சோ அதுக்குன்னு சொன்னாங்க."

உங்கள் அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. கடையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காமல், "நல்லா பேசறா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ காய்ச்சலில் மருந்து குடிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தபோது, உன்னைச் சிரிக்கவைக்க நம் சமையலறையில் சொன்னது அது. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கோப்பை வாங்கிவிட்டாய்.

நீ அனுப்பிய அந்தச் சிறந்த பேச்சாளர் கோப்பை வந்து சேர்ந்தது. மற்றவற்றோடு பிரிட்ஜ் மேல் வைக்கவில்லை. வெட்டுத்துணி மூட்டைக்குள் போட்டுவிட்டேன். இறுதிப்போட்டிக்கு நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
அஞ்சாம் வகுப்பு

ஜனவரி 13

அன்புள்ள பாட்டி,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. எந்தப் பக்கம் பேசுவது என்று நாங்களா முடிவு செய்கிறோம்? காசு சுண்டிப் போடுவார்கள், விழுந்த பக்கத்தைப் பேசவேண்டும். பேசியதையெல்லாம் நான் நம்புகிறேன் என்று அர்த்தமா?

எங்கள் அணி வருஷா வருஷம் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிக்கொண்டு திரும்பும். இந்த வருஷம்தான் போன இடமெல்லாம் ஜெயித்தோம். அது உங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லையா?

இறுதிப்போட்டியில் அதே தலைப்பு. இந்த முறை எங்களுக்கு எதிர்ப்பக்கம் விழுந்திருக்கிறது. பயிற்சி கொடுக்கிற சார், "உங்க பாட்டியையே நல்ல உதாரணமா சொல்லு" என்கிறார். நீங்கள் தினமும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பதைச் சொல்கிறேன். அரங்கமே எழுந்து நிற்கும். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள் பாட்டி.

உங்கள்
வாயாடி

ஜனவரி 18

வாயாடிக்கு,

காசு பக்கத்தைத்தானே சொன்னது? உதாரணத்தையும் காசா சொன்னது?

அன்றைக்கு நான் முட்டாள், இன்றைக்கு நான் மேதாவி. இரண்டும் உன் மார்க்குக்கு. சட்டைக் காலர் நைந்தால் திருப்பித் தைத்துக் கொடுப்போம். நான் காலர் இல்லை. என்னை எந்தப் பக்கமும் நிறுத்தாதே. உன் சாருக்கும் ஒரு பாட்டி இருந்திருப்பார். அவரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்.

ஜெயித்தது பெரிதாகத் தெரியவில்லையா என்றா கேட்கிறாய்? மெஷினை எல்லாம் நிறுத்தச் சொன்னது யார்?

இப்படிக்கு,
உதாரணம்

ஜனவரி 27

பாட்டி,

தோற்றுவிட்டோம்.

உங்களைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஆனால் எதிரணிப் பெண் எழுந்து, "அரையிறுதியில நீங்களே சொன்னீங்களே, உங்க பாட்டி சின்னத்தோட அழகைப் பார்த்து ஓட்டுப் போட்டாங்கன்னு! அவங்களுக்கா ஓட்டு வேணும்?" என்று கேட்டாள். மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அது எனக்கு எப்படிக் கேட்டது தெரியுமா?

முன்வரிசையில் இருந்த சார், பேப்பர் படிக்கிற மாதிரி கையை விரித்து ஜாடை காட்டினார். அதைச் சொல்லியிருந்தால் ஜெயித்திருப்போம். நான், "அது எங்க வீட்ல என்னைச் சிரிக்கவைக்கச் சொன்னது. இங்க கொண்டுவந்தது என் தப்பு. அதைப் பத்திப் பேசமாட்டேன், வேற கேள்வி கேளுங்க" என்றேன்.

கேள்விக்குப் பதில் இல்லை என்று நடுவர்கள் மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். அணியில் மற்ற இரண்டு பேரும் என்னோடு பேசுவதில்லை. "உன்னாலதான்" என்கிறார் சார். என்னால்தான். ஆனால் உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது.

அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறேன். கதவைத் திறப்பீர்களா?

வாயாடி

ஜனவரி 31

வாயாடி,

தோற்றதற்குக் கொடுத்த கோப்பையை மறக்காமல் கொண்டு வா. பிரிட்ஜ் மேல் இடம் ஒதுக்கிவிட்டேன். மூட்டைக்குள் கிடப்பது மூட்டைக்குள்ளேயே கிடக்கட்டும்.

கட்டிங் மாஸ்டர் இறுதிப்போட்டி வீடியோவோடு வந்தார். "துணியை வெட்டற வேலையைப் பாருங்க" என்று விரட்டிவிட்டேன்.

எனக்குக் கோபம் தீரவில்லை. வந்ததும் முகம் கொடுத்துப் பேசுவேன் என்று நினைக்காதே. உன் கோபத்தையும் எடுத்து வா. இங்கே நடுவர் கிடையாது, பார்த்துக்கொள்வோம்.

நிஜமாக யாருக்குத்தான் ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்பாய். சொல்லமாட்டேன். வேறொன்று வைத்திருக்கிறேன், கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பாய். கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வேன்.

உன்
பாட்டி