நடுவிலிருந்து ஓரத்துக்கு

அன்பு மகளுக்கு,

நார்வே வேலையை விட்டுவிட்டு வந்து நிலத்தைப் பார்த்துக்கொள், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல் என்று போன கடிதத்தில் அதிகாரம் செய்திருந்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், கொஞ்சம் சுற்றி வளைத்து.

இங்கே நம் ஊர் நாரெவ் ஆற்றோரப் புல்வெளியை, பறவைகளைக் காக்கும் அரசுத் திட்டத்தில் சேர்க்கிறேன். ஆகஸ்டுக்கு முன் அறுக்கக் கூடாது. அறுக்கும்போதும் நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வர வேண்டும், உள்ளே கூடு கட்டிய பறவைகள் தப்பிப் போவதற்காக. ஆகஸ்டு பிறந்துவிட்டதே என்று இன்று காலை அறுக்கப் போனால் ஒரே பனிமூட்டம். முப்பது வருடம் உழைத்த நிலத்தின் நடு எது என்று தெரியாமல் டிராக்டரோடு மேகத்துக்குள் மிதந்துகொண்டிருந்தேன். பாதையிலிருந்து பக்கத்து நிலத்து ஸெனோன் கத்தினான்:

"என்னப்பா, சொந்த நிலத்துலயே வழி தவறிட்டியா?"

"வழியெல்லாம் தெரியுது, நடுவைத்தான் காணோம்!"

"பொண்ணு வந்து கண்டுபிடிச்சுத் தருவாளா?"

நான் கியரைப் போட்டேன்.

நடு என்று தோன்றிய இடத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே வந்தேன். நாலாவது சுற்றில் ஒரு தாய்ப் பறவையும் அதன் பின்னால் ஏழு கறுப்புக் குஞ்சுகளும் அவசரமே இல்லாமல் ஓரத்துப் புல்லுக்குள் நடந்து போயின. இன்ஜினை நிறுத்தி, கடைசிக் குஞ்சும் மறையும்வரை வழி விட்டேன். இத்தனை வருடமும் ஓரத்திலிருந்துதான் உள்ளே அறுத்திருக்கிறேன், மகளே. வேலை சீக்கிரம் முடியும்; உள்ளே இருப்பவற்றுக்குத்தான் வழி இருக்காது.

திட்டம் ஐந்து வருடம். படிவத்தில் பொறுப்பாளர் பெயரை உனக்காகக் காலியாக விட்டிருந்தேன். மதியம் என் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்து வருடம் இந்த முழங்கால் தாங்கும். தாங்காவிட்டால் ஸெனோன் வந்து திட்டிக்கொண்டே அறுப்பான்.

நீ அங்கேயே இரு. பதில் எழுத வேண்டாம். எழுதத் தோன்றினால், அங்கே வெட்டிய புல் எப்படி மணக்கிறது என்று மட்டும் எழுது.

உன் அப்பா