நோவு இல்லையென்றால் ஒன்று

2025 மார்ச் 3, திங்கள்

ஒலிப்பதிவு மூன்றாம் தடவைதான் சரிவந்தது. முதல் இரண்டிலும் மருதனார்மடம் சந்தை லொறிகளின் ஹோன் சத்தம். கொழும்பில் ஒரு பெண்குரலை வைத்துப் பதியக் கூடின விலை கேட்டார்களாம். மனேஜர் றோகான், "உம்மடை குரல் காணும் தேனுஜன், தெளிவா இருக்கு" என்று சொல்லி முடித்துவிட்டார். அடுத்த திங்களிலிருந்து, காலில் புண் உள்ள நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வாரம் ஒருமுறை என் குரலில் அழைப்பு போகும்.

"வணக்கம். காலில் நோவு இல்லையென்றால் ஒன்றை அழுத்துங்கள். கொஞ்சம் நோவு என்றால் இரண்டு. கடுமையான நோவு என்றால் மூன்று."

மூன்று வாரம் தொடர்ந்து ஒன்று வந்தால், தாதி வாராவாரம் வீட்டுக்குப் போவது மாதம் ஒருமுறை ஆகும். விதியை எழுதியது நான். ஒன்பது வரி. சுத்தமான வேலை.

அம்மா இன்றைக்கும் கேட்டா, நான் வேலை செய்வது ஆஸ்பத்திரியிலா கம்பனியிலா என்று. எத்தனை தரம் சொல்வது? வீட்டுக்குப் போய் மருந்து கட்டும் வேலையை முன்பு அறக்கட்டளைதான் செய்தது. அவர்கள் அதை ஒப்பந்தத்தில் கம்பனிக்குக் கொடுத்தார்கள். போன வருடம் சிங்கப்பூரில் ஒரு முதலீட்டு நிதியம் கம்பனியை வாங்கியது. "அப்ப சிங்கப்பூர்க்காரருக்கு எங்கடை ஆக்களின்ரை கால்ப்புண்ணிலை என்ன அக்கறை?" என்றா. சாப்பிட்டுவிட்டு எழும்பிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

தாதிமார் ஆறு பேர் நான்காகிவிட்டார்கள். அதற்குத்தான் என் விதி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 19, புதன்

தாதி அபிகாயில் அக்கா வீடுவீடாகக் கொண்டுபோகும் ரப்லெற் கணினி வேலை செய்யவில்லை. திருத்தக் கொண்டுவரச் சொன்னால், "பதினாலு வீடு கிடக்கு தம்பி, நீர் ஏறும் பின்னாலை" என்றா. அவவின் ஸ்கூட்டியில் உடுவிலுக்குப் போனேன்.

பொன்னம்பலம் ஐயா, வெங்காயத் தோட்டம் செய்கிறவர், அறுபத்து மூன்று வயது. பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. இடது பாதத்தில் புண், ஆறிக்கொண்டு வருகிறது. என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"உவர்தானே மிஸி, திங்கக்கிழமை போனிலை கதைக்கிற தம்பி? சுகமோ எண்டு கேட்டால் மறுமொழி இல்லை. பெருமைக்காரன்."

மனைவி பராசக்தி அக்கா சிரித்தா. "சாப்பிட்டியோ எண்டும் கேக்கிறவர். பிறகு நான் போனைப் பறிச்சு, நோகுதோப்பா எண்டு கேட்டு, ஒண்டை அமத்துவன்."

அது பதிவு, நான் இல்லை என்று விளங்கப்படுத்தினேன். "அப்ப பதிவெண்டு முதலே சொல்லுறதுதானே" என்றார். நியாயம்தான்.

திரும்பி வரும்போது அபிகாயில் அக்கா தோளுக்கு மேலால் கத்தினா. "உம்மடை கேள்வி பிழை தம்பி. சீனிக்காரருக்குக் கால் விறைச்சுப் போகும். ஆணி ஏறினாலும் தெரியாது. நோவு இல்லையெண்டால்தான் எனக்குப் பயம்."

எழுத்தில் அனுப்புங்கள், பார்க்கிறேன் என்றேன்.

"எழுத எனக்கெங்கை நேரம்? நீர்தான் என்ரை நேரத்தைக் கணக்குப் பார்க்கிறீர்."

கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: சீனி — விதி பார்க்க.

ஏப்ரல் 2, புதன்

வீட்டு வருகை முப்பத்தொரு வீதம் குறைவு. சிங்கப்பூரிலிருந்து எனக்குப் பெயர் குறிப்பிட்டுப் பாராட்டு மின்னஞ்சல். றோகான் எல்லோருக்கும் றோல்ஸ் வாங்கித் தந்தார். அபிகாயில் அக்கா எடுக்கவில்லை. கை கழுவ நேரமில்லையாம்.

ஏப்ரல் 17, வியாழன்

வெயில். அலுப்பு. கொப்பியின் பின்பக்கம் அப்படியே இருக்கிறது.

மே 9, வெள்ளி

பராசக்தி அக்கா அபிகாயில் அக்காவின் சொந்தப் போனுக்கு எடுத்திருக்கிறா. மணக்குது மிஸி, வந்து பாருங்கோ என்று. கம்பனி பட்டியலில் அந்த வீட்டுக்கு மே 21 வரை வருகை இல்லை. அவ மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறா.

பாதம் கறுத்துவிட்டது. நேரே தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு, என்னிடம் வந்து, போனில் எடுத்த படத்தை மேசையில் வைத்தா. ஏசியிருக்கலாம். ஏசேல்லை.

மே 10, சனி

பதிவுகளைப் பார்த்தேன். ஏப்ரல் 23 அபிகாயில் அக்கா போயிருக்கிறா, புண் கிட்டத்தட்ட மூடிவிட்டது. மிச்சம் பராசக்தி அக்கா அபிகாயில் அக்காவுக்குச் சொன்னது: 26 சனிக்கிழமை ஐயா ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போயிருக்கிறார். வாராவாரம் போகிறவர். உச்சி வெயில், வெறுங்கால், கொதிக்கிற சீமெந்து. மற்றவர்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடியிருப்பார்கள். இவர் ஆறுதலாக மூன்று தரம் சுற்றிக் கும்பிட்டிருக்கிறார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். வீட்டுக்கு வந்து சீலையால் தானே சுற்றியிருக்கிறார். சின்னக் கொப்புளம் என்று மனைவிக்குச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 28: ஒன்று. மே 5: ஒன்று.

என்ரை குரல்தானே கேட்டது. கால் அழுகேக்கை இரண்டு தரம் கேட்டிருக்கிறன். என்ன கேள்வி அது? அக்கா சொன்னவ. மார்ச் மாதமே சொன்னவ. எழுத்திலை அனுப்பட்டாம் — ஆர் நான்?

மே 13, செவ்வாய்

றோகானிடம் விதி பிழை என்றேன்.

"ஒப்பந்தப்படி மாதம் ஒருக்கா போற ஆள். போயிருக்கினம். எங்கடை பக்கம் பிழை இல்லை."

ஒப்பந்தத்தைச் சொல்லவில்லை, விதியைச் சொல்கிறேன் என்றேன்.

"திருத்தினால் எத்தினை பேர் திரும்ப வாராவாரத்துக்கு வருவினம்?"

"அறுபத்தொன்று."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். "நாலு தாதிதான் இருக்கினம், ஐசே. வருச முடிவிலை கம்பனியை விக்கப் போறாங்கள். அதுவரைக்கும் உந்த விதியைத் தொடாதையும்."

மே 15, வியாழன்

ஐயாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பார்வையாளர் நேரத்துக்குப் போனேன். பராசக்தி அக்கா வாசலில் மர வாங்கில் இருந்தா. என்னைக் கண்டதும் முதல் கேள்வி: "சாப்பிட்டிட்டீரோ தம்பி?" நான் தோடம்பழப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஐயாவிடம் சொன்னேன், அந்தக் கேள்வியை எழுதியது நான்தான் என்று.

"ஓம், நீர் கேட்டனீர். நோகேல்லை எண்டன். நான் பொய் சொல்லேல்லைத் தம்பி."

அவர் எனக்கு விளக்கம் சொல்லுறார். அவர் எனக்கு.

மே 19, திங்கள்

காலை ஏழு மணிக்கு, அழைப்புகள் போக முன், கந்தோரில் யாரும் இல்லாதபோது மாற்றினேன். ஒரு வரி. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஒன்று என்ற பதில் கணக்கில் வராது. வாராவாரம் பார்க்க வேண்டியவர்களாக, திரையில் அறுபத்தொரு பேர் சிவப்பானார்கள். அறுபது. பொன்னம்பலம் ஐயா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், அந்தப் பாதம் இல்லாமல்.

இரண்டு மாதத்துக்கு முன், அக்கா சொன்ன அன்றைக்கே, இதற்கு நாலு நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

மே 21, புதன்

அபிகாயில் அக்கா படிக்கட்டில் மறித்தா. "பத்தொன்பது வீடு போட்டிருக்கிறீர். என்னைக் கொல்லப் போறீரோ?" பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பேருக்குப் புதுப்புண். நேரத்தோடை பிடிச்சிட்டம்" என்றா. கால் வீங்கியிருந்தது அவவுக்கும். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படியில் இருந்தா.

மே 22, வியாழன்

கடவுச்சொல்லை நிறுத்திவிட்டார்கள். அனுமதியின்றி மாற்றம் செய்ததாக வேலைநீக்கக் கடிதம். உண்மைதான். றோகான் கீழே வரை வந்து என் ஹெல்மெட்டை எடுத்துத் தந்தார்.

ஜூன் 11, புதன்

விதியைப் பற்றி அறக்கட்டளைக்கு எழுதியதற்குப் பதில் வந்தது. அக்கறைக்கு நன்றி. ஒப்பந்தம் 2028 வரை. விதியைப் பழையபடி ஆக்கிவிட்டார்கள் என்று அபிகாயில் அக்கா சொன்னா. அறுபது பேரையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாவாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாலைந்து வீடு போகிறா. ஒரு ஞாயிறு நான் ஸ்கூட்டி ஓட்டினேன்.

ஜூலை 7, திங்கள்

வேலை இன்னும் இல்லை. உடுவிலுக்குப் போனேன். ஊன்றுகோலின் ரப்பர் தேய்ந்துவிட்டதென்று பராசக்தி அக்கா சொல்லியிருந்தா; புதியது வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குப் போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டு ஐயாவிடம் கொடுத்தா.

"வணக்கம். காலில் நோவு இல்லையென்றால் ஒன்றை அழுத்துங்கள்."

நான் அங்கே இல்லை. என் குரல் இன்னும் வேலையில் இருக்கிறது. பட்டியலில் அவரும் இருக்கிறார். கால் எடுத்தவர்களை நீக்க நான் விதி எழுதவில்லை.

ஐயா போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப நோகுது தம்பி. இல்லாத பெருவிரல். நெருப்பு வைச்ச மாதிரி. ஆரிட்டைச் சொல்லுறது எண்டு இருந்தனான். எதை அமத்த?"

"மூண்டு" என்றேன்.

விரலால் தேடித் தேடி அழுத்தினார். நன்றி சொன்னேன், போனுக்குள்ளிருந்து. தாதி ஒருவர் விரைவில் வருவார் என்றும் சொன்னேன்.

வருவா. இந்தப் புதன், அபிகாயில் அக்காவுக்குப் பதினைந்தாவது வீடாக.