படுதா வண்டி கேட்ட அத்தேக்கு

என் பிரியமுள்ள அத்தே,

முதலில் 'அத்தை' என்றுதான் எழுதினேன். யாரோ பக்கத்து ஊர் அம்மாவைக் கூப்பிடுவது மாதிரி இருந்தது. பதினாறு வருஷமாக வாய் கூப்பிட்டுப் பழகியது 'அத்தே'தான். அப்படியே இருக்கட்டும்.

வருகிற சித்திரை வந்தால் நீங்கள் போய் ஒரு வருஷம். கருப்பு வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. தெற்குப் புஞ்சையில் மல்லி விதைத்தோம், கடைசி மழை ஏமாற்றியும் பாதிக்கு மேல் தேறிவிட்டது. உங்கள் மகனுக்கு வேலை ஓயவில்லை. திருச்சுழிப் பக்கம் எந்தக் காட்டில் போர் மோட்டார் நின்றாலும் அவருக்குத்தான் போன் வருகிறது.

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் என்றால் அது இன்னொரு பொய்யாகப் போய்விடும். உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை ஒரு தாளில் எழுதி உங்கள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கலாம். ஆனால் உங்களை நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதுகிறேன்.

அந்த வண்டி வாங்கின கதைதான் அத்தே.

ஐப்பசி கார்த்திகையில் நம் கரிசல் காட்டுக்குள் பைக் போகாது என்பது உங்களுக்குத் தெரியாததா? நாலடி போவதற்குள் சக்கரத்தில் மண் அப்பி நின்றுவிடும். மோட்டாரையும் பைப்பையும் தோளில் சுமந்து சுமந்து உங்கள் மகனுக்கு முதுகு போய்விட்டது. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்று எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். அந்த வண்டி இரண்டு விதமாக வருகிறது என்றார்கள். ஒன்று, கூரை கெட்டியாக, கார் மாதிரி மூடினது. ஹார்ட் டாப் என்பார்கள். இன்னொன்று, மேலே படுதா போட்டது. வேண்டுமென்றால் பக்கத்துத் துணியைச் சுருட்டிவிட்டுக் காற்றாடப் போகலாம்.

எதை எடுப்பது என்று வீட்டில் பத்து நாள் அதே பேச்சு. அவருக்கு இரண்டு மனசு. படுதா என்றால் நீளமான பைப்பைப் பின்னால் நீட்டி வைத்துக்கொள்ளலாம். கெட்டிக் கூரை என்றால் சாமான் பத்திரம், தூசி அண்டாது. "நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க, அதையே எடுத்துருவோம்" என்றார்.

நான் அன்றைக்கே மனசுக்குள் எடுத்துவிட்டேன் அத்தே. காரியாபட்டியில் என் தம்பி வீடு கட்டி முடித்திருந்தான். ஆவணியில் பால் காய்ச்சு. நான் பிறந்த வீட்டுக்கு இதுவரை பஸ்ஸிலும் பைக்கிலும்தான் போய் இறங்கியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை கார் மாதிரி ஒரு வண்டியில், தலை கலையாமல், பட்டுச்சேலை கசங்காமல் போய் இறங்க வேண்டும் என்று ஆசை. படுதா போட்ட ஜீப்பில் போனால் "லோடு வண்டியில வந்தாளா?" என்று என் தம்பி பெண்டாட்டி கேட்பாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். அவள் அப்படிக் கேட்கிறவளே இல்லை.

அவர் மதுரைக்கு வண்டி பார்க்கப் போன அன்று காலையில் நீங்கள் தொழுவத்தில் இருந்து என்னைக் கூப்பிட்டீர்கள். நான் மாவுக் கையோடு வந்தேன்.

"ஏத்தா வளரு, அவன்கிட்ட நீயே சொல்லிரு. படுதா வண்டியா எடுக்கச் சொல்லு."

"ஏன் அத்தே?"

"மூடுன வண்டி எனக்கு ஆகாதுத்தா. கண்ணு ஆப்பரேசனுக்குக் காருல கூட்டிட்டுப் போனாகல்ல, பாதி வழியில வாந்தி எடுத்துட்டேன். அந்த டிரைவரு பேசின பேச்சு இருக்கே... சீட்டைத் தொடைச்சுக்கிட்டே பேசினான். பஸ்ஸுல, டிராக்டருல எல்லாம் ஒண்ணும் செய்யாது. மூஞ்சில காத்து அடிக்கணும். அம்புட்டுத்தான்."

"நீங்களே சொல்லலாம்ல?"

"போடி. இதை அவன்கிட்டச் சொன்னா சிரிப்பான். நீ சொன்னாக் கேப்பான்."

சரி என்று தலையாட்டினேன். நிஜமாகவே சொல்லிவிடத்தான் நினைத்தேன் என்று இப்போது எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நினைத்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

மத்தியானம் அவர் சோரூமில் இருந்து போன் போட்டார். "ரெண்டும் நிக்குது. அம்மா என்ன சொல்லுச்சு?"

நீங்கள் வாசலில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முதுகு எனக்குத் தெரிந்தது.

"அவுகளுக்கு எதுன்னாலும் சம்மதமாம்" என்றேன். "எனக்கு மூடினதே நல்லதுன்னு படுது."

இவ்வளவுதான் அத்தே. ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன். போனை வைத்துவிட்டு மாவை எடுத்து மூடி வைத்தேன்.

வண்டி வந்து நின்றபோது தெருவே கூடிவிட்டது. நீங்கள் கூரையைக் கையால் ஒரு தட்டுத் தட்டினீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "சொன்னியாத்தா?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். நான் ஆமாம் என்று தலையை அசைத்தேன்.

"சரி விடு. அவன் வண்டி, அவன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள். நீங்கள் கேட்டும் உங்கள் மகன் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அன்றைக்கு நினைத்தீர்கள். நினைக்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன்.

பால் காய்ச்சுக்குப் போன அன்று உங்களை முன்சீட்டில் உட்கார வைத்தோம். அருப்புக்கோட்டை தாண்டும்வரை கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. பிறகு ரோட்டு வேலை நடக்கிறது, தூசி என்று நான்தான் ஏற்றச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் நீங்கள் முந்தானையை இரண்டு கையாலும் கிண்ணம் மாதிரி பிடித்தீர்கள். ஒரு சொட்டு சீட்டில் விழவில்லை. அவர் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டி, "ஏம்மா, சொல்லக் கூடாதா?" என்றார். "காலையில தின்ன பணியாரம் ஒத்துக்கலய்யா" என்றீர்கள்.

தம்பி வீட்டு வாசலில் இருந்த குழாயடியில் குனிந்து நீங்கள் சேலையை அலசினபோது எல்லாரும் பார்த்தார்கள். நான் பக்கத்தில் வந்து என்ன சொன்னேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "கொஞ்சம் அடக்கியிருக்கக் கூடாதா அத்தே?" ஈரச் சேலையோடு கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நீங்கள் அந்த வண்டியில் ஏறவே இல்லை. கல்யாணம் என்றால் முட்டி வலி. கோயில் என்றால் ஆட்டைப் பார்க்க ஆள் இல்லை. உங்கள் மகன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனார். அவர் கேட்கும்போதெல்லாம் நான் அடுப்படியில் ஏதாவது வேலையை வைத்துக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால்கூட நான் மறந்திருப்பேனோ என்னவோ. மனுஷி மனசு அப்படித்தானே.

கார்த்திகையில் உங்கள் தங்கை பஞ்சவர்ணம் சித்தி படுத்துவிட்டார்கள் என்று போன் வந்தது. சித்தி மகள் சரசுதான் பேசினாள். "காய்ச்சல்தான் பெரியம்மா. ஆனா உங்களப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே கெடக்கு" என்றாள். பந்தல்குடியில் இறங்கி உள்ளே போகிற ஊர். அன்றைக்குப் பார்த்து மழை. தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, உள்ளே பஸ் விடவில்லை.

"நம்ம வண்டி போகும்மா, இதுக்குத்தான வாங்கினது? ஏறும்மா" என்றார் உங்கள் மகன்.

நீங்கள் வண்டியைப் பார்த்தீர்கள். நீங்கள் அப்படிப் பார்த்ததை நான் பார்த்தேன். "தண்ணி வடியட்டும்யா. நாளைக்குப் பஸ்ஸு விட்டுருவாக. போயிக்கிறேன்."

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தேக்கு மூடின வண்டி ஆகாது, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு மெல்லப் போவோம், நனைந்தால் நனையட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர், "இது எனக்கு ஏன் தெரியல?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து பேசாமல் நின்றேன்.

மறுநாளும் பஸ் இல்லை. மூன்றாம் நாள் காலையில் சித்தி இறந்துவிட்டார்கள்.

அன்றைக்கு யாரும் கூப்பிடாமலே நீங்கள் வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தீர்கள். வழியில் இரண்டு தடவை நிறுத்தினோம். பாலத்துத் தண்ணீரில் வண்டி சுலபமாக இறங்கி ஏறியது. அந்த வீட்டு வாசலில் சரசு உங்களைக் கட்டிப்பிடிக்க வரவில்லை. தள்ளி நின்றே கத்தினாள்.

"ரெண்டு நாளா எங்கம்மா கண்ணு வாசல்லயே கெடந்துச்சு பெரியம்மா! வீட்டுல வண்டிய வச்சுக்கிட்டு இப்பத்தான் வாறீகளா?"

கூடியிருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நீங்கள் தங்கச்சி தலைமாட்டில் போய் உட்கார்ந்தீர்கள். அதற்குப் பிறகு சரசு நம் வீட்டுக்கு வரவில்லை, நீங்களும் அவளைக் குறை சொல்லவில்லை. நான் உங்களுக்குப் பின்னால், உங்கள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன் அத்தே. அந்தச் சொல் எனக்கு வந்திருக்க வேண்டியது.

சித்திரையில் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போன இடத்தில் நீங்கள் விழுந்தீர்கள். அதே வண்டியில்தான் அருப்புக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உங்கள் தலை என் மடியில் இருந்தது. நான் இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். "அனல் அடிக்குது, ஏத்து" என்று அவர் முன்னால் இருந்து சொன்னார். ஏற்றவில்லை. உங்கள் முகத்தில் காற்று அடித்துக்கொண்டேதான் இருந்தது. அது உங்களுக்குத் தெரிந்ததா? ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இல்லை.

நீங்கள் போன பிறகு உங்கள் மகன் அதிகம் பேசுவதில்லை. போன மாதம் ஒரு சாயங்காலம் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர், கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"நான் உழைச்சு வாங்கின முத வண்டி வளரு. எங்கம்மா இதுல சந்தோசமா ஒரு நாளு ஏறல. என்ன கோவம் எம்மேலன்னு கடைசி வரைக்கும் தெரியல. சித்தியப் பாக்கக்கூட எங்கூட வரமாட்டேன்னுச்சே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் அவரைத் தப்பாக நினைத்துக்கொண்டு போனீர்கள். அவர் உங்களைத் தப்பாக நினைத்துக்கொண்டு இருக்கிறார். நடுவில் நான் மட்டும் எல்லாம் தெரிந்து சோறாக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். தொழுவத்தில் நீங்கள் சொன்னது, போனில் நான் சொன்னது, வண்டி வந்த அன்று தலையை அசைத்தது, எல்லாம். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்து, ஒன்றே ஒன்று கேட்டார்.

"சரசு கத்தும்போது நீ எங்கம்மா பக்கத்துலதான நின்ன?"

ஆமாம் என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த வாரத்தில் ஒரு நாள் பாளையம்பட்டி மெக்கானிக்கிடம் போய், கூரையை அறுத்துவிட்டுப் படுதா போட முடியுமா என்று கேட்டிருக்கிறார். "அதை அறுத்தா ஆர்.டி.ஓ.வுல ஒத்துக்கிட மாட்டாகண்ணே. இப்ப யாருக்கு அது?" என்றானாம் அவன். இவர் திரும்பி வந்துவிட்டார்.

எட்டாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர், "எங்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே எங்கம்மா" என்றார். நானும் எத்தனையோ தடவை அதையே நினைத்திருக்கிறேன். ஏன் அத்தே சொல்லவில்லை? பெற்ற மகனிடம் கேட்க என்ன வெட்கம்? அப்படி நினைத்துக்கொண்டால் பாரத்தில் பாதி உங்கள் பக்கம் போய்விடுகிறது. அந்தச் சுகத்துக்காகத்தான் அப்படி நினைக்கிறேன் என்பதும் தெரிகிறது. நீங்கள் சொல்லி அனுப்பினீர்கள். நான் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. நடந்தது அதுதான்.

இப்போது அவர் பேசுகிறார். பழைய மாதிரி இல்லை, ஆனால் பேசுகிறார். உங்கள் மேல் அவருக்கு இருந்த வருத்தம் போய்விட்டது, அதை நான் கண்ணால் பார்க்கிறேன். காட்டுக்குப் போகும்போது எந்தத் தூசியிலும் அவர் கண்ணாடியை ஏற்றுவதில்லை. முகத்தில் படிகிற தூசியை நான் துடைத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கிறது அத்தே. வெள்ளிக்கிழமை சரசு வீட்டுக்குப் போகிறேன். துணைக்கு வரவா என்று உங்கள் மகன் கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். அவள் புருஷன், மாமியார், அக்கம்பக்கம் எல்லாரும் இருக்கும்போதே சொல்வேன். அவள் என்னை அடித்தாலும் சரி, வாசலோடு அனுப்பினாலும் சரி. உங்கள் மேல் அவள் போட்ட சொல்லை இறக்கி என் தலையில் வைத்துக்கொண்டுதான் திரும்புவேன். இது சத்தியம்.

இந்தத் தடவை போகிற செய்தி மாறாது.

உங்கள் வீட்டுக்கு வாழ வந்த மருமகள்,
வளர்மதி